மஞ்சள் துணியில் ஒரு கை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லிஃப்ட்டிலிருந்து இறங்கிய லக்சிகாவின் கையில் ஒரே ஒரு துணிப்பைதான் இருந்தது.

உமாராணியைக் கலவரப்படுத்தியது அதுதான்.

ஏனென்றால் உமாராணி அன்று காலை ஏழு மணியிலிருந்து மூன்று முறை ட்ராலி தள்ளியிருந்தாள். ஐந்தாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு. சோற்றுக்கஞ்சியில் முக்கி, பலூன்மேல் போட்டு, விறைக்கக் காயவைத்த பதினான்கு சல்லாத்துணிப் பேய்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் செய்த சவப்பெட்டி ஒன்று. ரப்பர் கையுறைக்குள் ரோஸ் சர்பத் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்த நான்கு கைகள், இறக்கியதும் ஹால் ஃப்ரீசருக்குள் போனவை. லிச்சிப் பழத்துக்குள் கறுப்புத் திராட்சையைச் சொருகிச் செய்த கண்கள், அறுபது. பீட்ரூட் சாறு விட்டுப் பிழிந்த இடியாப்பம் ஒரு தாம்பாளம் நிறைய, அது மூளை. எலுமிச்சையும் பச்சைக் கலரும் கலக்க வேண்டிய சூனியக்காரி ஜூஸ், அது தனி.

மூன்று வாரத்து வேலை. ராத்தூக்கம் இல்லை, விரல் நுனியெல்லாம் பசை.

இவள் ஒரு பையோடு வருகிறாள்!

"இவ்வளவுதானா உன் சாமான்?" என்றாள் உமாராணி, குரலில் இனிப்புத் தடவி.

"ஓம் அக்கா. இவ்வளவுதான்."

"ஒரு பை?"

"பை நிறைய இருக்குத்தானே" என்று சொல்லிவிட்டு லக்சிகா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு உமாராணியின் நெஞ்சுக்குள் பச்சை மிளகாய் மாதிரி இறங்கியது.

துபாயின் அல் குசைஸில் அந்தப் பதினொரு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஜிம்முக்குப் பக்கத்தில், ஒரு பார்ட்டி ஹால் உண்டு. வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அங்கே ஹாலோவீன். கடந்த நான்கு வருஷமாக அந்தப் பேய் அறையைக் கட்டியவள் உமாராணி.

துபாய்க்கு வந்து எட்டு வருஷம். கணவன் சரவணகுமார் ஏசி மெயின்டனன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் விசாவில் அவள். வாட்ச்மேனுக்கு அவள் 'ஐநூத்தி நாலு மேடம்'. மகளின் பள்ளிக்கூடத்தில் 'ஆதிரை மம்மி'. கணவனின் ஆபீஸ் விருந்தில் 'சரவணகுமார் வைஃப்'. உமாராணி என்ற பெயர் எமிரேட்ஸ் ஐடி அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அக்டோபரில் மட்டும் அது வெளியே வரும். 'ஹாலோவீன் உமா எங்க?' 'உமாகிட்ட கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்!' அந்த ஒரு மாதத்துக்காக அவள் மிச்சப் பதினொரு மாதம் அட்டைப்பெட்டி சேர்த்தாள்.

நான்கு மாதத்துக்கு முன் ஆறாம் மாடிக்கு லக்சிகா குடிவந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. கணவன் கிருபன் ஏதோ ஷிப்பிங் ஆபீஸ். அவள் வந்த இரண்டாவது வாரத்தில் யாரோ வீட்டுப் பிறந்தநாளுக்கு வெறும் செய்தித்தாளில் ஒரு மயில் மடித்து வைத்தாள். அதோடு உமாராணியின் நிம்மதி போயிற்று. கட்டடத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த மயிலுக்கு முப்பத்து நான்கு இதயங்கள். அதே நாளில் உமாராணி போட்ட தெர்மக்கோல் கேக் ஸ்டாண்டுக்குப் பதினொன்று. அதில் ஒன்று அவளே போட்டது.

"அம்மா, லக்சிகா ஆன்ட்டி ரொம்ப கூல்" என்றாள் ஆதிரை, ஒன்பது வயது, சொந்த மகள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் போன மாதம் ஒன்பதாம் மாடி நஸீஹா அக்கா இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, இஞ்சி டீ கொடுத்து, அந்த வெடியைக் கொளுத்திப் போட்டாள்.

நஸீஹா காயல்பட்டினத்துக்காரி. பர் துபாயில் பார்ட்டி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். ஜுமைராவிலும் மிர்திஃபிலும் பெரிய வில்லாக்களுக்குள் போய்ப் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று அலங்காரம் செய்து கொடுப்பவள்.

"எனக்குக் கூட ஒரு ஆள் வேணும்மா. ஒரே ஒரு ஆள்தான். விசா கிசா பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன். ரெண்டு பேருல யாருன்னு எனக்கே குழப்பமா இருக்கு. இந்த ஹாலோவீனுக்கு ஹாலை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கங்க. யாரோட பாதி புள்ளைங்களை அலற வைக்குதோ, அவங்க திங்கக்கிழமை காலையில எங்கூட வண்டில ஏறலாம். சரியா?"

வண்டி என்று அவள் சொன்னது, பக்கவாட்டில் கடையின் பெயர் எழுதிய வெள்ளை வேன். அதன் முன் சீட்டில், மடியில் பூக்கூடையோடு, 'நஸீஹாவோட ஆர்ட்டிஸ்ட் உமாராணி' என்று உட்கார்ந்திருப்பதை உமாராணி அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த சீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு துணிப்பை.

ஹாலின் குறுக்கே கறுப்புத் திரை தொங்கியது. இந்தப் பக்கம் உமாராணி பேய்களைக் கட்டினாள். சவப்பெட்டிக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பெரிய சில்வர் அண்டாவில் போட்டு வைத்தாள்; குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். கைகள் வேலை செய்தன. காதுகள் மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் இல்லை. டேப் கிழிக்கிற சத்தம் இல்லை. ஸ்டூலை இழுக்கிற சத்தம் ஒரு தடவை. பிறகு சாம்பிராணி வாசனை.

சாம்பிராணியா? எதற்கு?

பதினொரு மணிக்கு லக்சிகா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பை காலி.

"முடிஞ்சுது அக்கா. நான் போய்ச் சமைக்கப் போறன். அவருக்கு இண்டைக்கு அரைநாள்."

"முடிஞ்சிடுச்சா? ஒரு மணி நேரத்துலயா?"

"பெரிசா ஒண்டும் இல்லையே. அக்கா, உங்கட பேயள் நல்ல வடிவு. அந்தச் சின்னப் பேய்க்கு மூக்கு வேற வச்சிருக்கிறியள்!"

போய்விட்டாள்.

பாராட்டிவிட்டுப் போய்விட்டாள்! திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். உமாராணி உடனே கணவனுக்கு போன் போட்டாள்.

"அவ ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டுப் போயிட்டா."

"நல்லதுதானே, சும்மா ஒப்புக்குச் செஞ்சிருப்பா" என்றான் சரவணகுமார். பின்னணியில் ட்ரில் மெஷின் அலறியது.

"ஒப்புக்குச் செஞ்சவ எதுக்குச் சிரிக்கிறா?"

"ஏண்டி, சிரிக்கிறதுக்கும் உங்கிட்ட பெர்மிட் வாங்கணுமா? நான் சைட்ல இருக்கேன், வை."

வைத்தாள். திரும்பிய வேகத்தில் முழங்கால் வாளியில் இடித்தது.

மிச்சக் கஞ்சி. முழு வாளி. பளிங்குத் தரையில் வெள்ளை வெள்ளமாகப் பரவியது.

சரியாக அந்த நேரம் வாட்ச்மேன் கதவில் நின்றார். தாடியைத் தடவிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிய கோலத்தில்.

"யே க்யா ஹை மேடம்? ஃப்ளோர் கராப்! ஜல்தி ஸாஃப் கரோ, ஜல்தி!"

"கர்தி ஹூம் பாய், கர்தி ஹூம்" என்று உடனே துடைப்பதாக ஒப்புக்கொண்டாள்.

அவர் ஏசியை அணைத்தார். பெரிய விளக்குகளை அணைத்தார். ஹாலில் நிகழ்ச்சி நடக்காத நேரத்தில் கரன்ட் எரியக்கூடாது என்பது கட்டடத்துச் சட்டம். ஒரு ட்யூப்லைட்டை மட்டும் தயவுக்கு விட்டுவைத்துப் போனார்.

உமாராணி முட்டி போட்டாள். தரையில் சோப்புத்தூளைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் தேய்த்தாள். கஞ்சி லேசில் போகிற சாமான் இல்லை. மணிக்கட்டு வரை நுரை. உள்ளங்கை வழுவழுவென்று ஊறிப்போயிற்று. வலது கைச் சுண்டுவிரல் வழக்கம்போலத் தனியாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பத்து வயதில் அம்மாவின் தையல் மெஷின் சக்கரத்தில் மாட்டியதிலிருந்து அது மற்ற விரல்களோடு சேருவதில்லை. கொக்கி மாதிரி வெளிப்புறமாக வளைந்தே நிற்கும்.

தரை சுத்தமானபோது ஹால் அமைதியாக இருந்தது. ஜிம் காலி. லாபி காலி. கட்டடமே சாப்பாட்டுத் தூக்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரை அசையாமல் தொங்கியது.

எழுந்தாள். கையைத் துடைக்கக்கூட மறந்தாள். திரையை விலக்கி உள்ளே போனாள்.

இருட்டு. செல்போன் டார்ச்சை அடித்தாள்.

ஒரு நாற்காலி. ஒரு ஆரஞ்சு பல்பு. அணைந்துபோன சாம்பிராணித் தட்டு. எதிரே, சுவர் முழுக்க, மேலிருந்து தரை வரை ஒரு துணி. வெளுத்த மஞ்சள் நிறம். வேறு எதுவும் இல்லை. ஓவியம் இல்லை, எலும்புக்கூடு இல்லை, ஒரு வௌவால்கூட இல்லை.

உமாராணிக்குச் சிரிப்பு வந்தது. இதுவா? பொங்கல் விழா மேடைக்குப் பின்னால் கட்டுகிற துணி மாதிரி இருக்கிறதே! இதைப் பார்த்தா பிள்ளைகள் அலறப் போகிறார்கள்?

சிரிப்பு பாதியில் நின்றது.

துணியின் மேல் ஓரத்தில் மீன்தொட்டிக்குப் போடுகிற மெல்லிய ட்யூப் ஒன்று ஓடியது. அதில் ஊசியால் குத்திய ஓட்டைகள், வரிசையாக. ட்யூபின் மறுமுனை பக்கத்திலிருந்த ஹால் அலமாரிக்குப் பின்னால், சின்ன மோட்டார் பொருத்திய ஒரு தண்ணீர் கேனுக்குள் இறங்கியது.

ஆக, இது வெறும் துணி இல்லை. ஏதோ இருக்கிறது. அது என்னவென்று இவளுக்குப் புரியவில்லை. நான்கு வருஷமாகப் பேய் செய்கிற உமாராணிக்குப் புரியவில்லை!

மயில். முப்பத்து நான்கு இதயங்கள். 'ரொம்ப கூல்.' வெள்ளை வேனின் முன் சீட்டில் லக்சிகா.

துணி ஆறு கிளிப்பில் தொங்கியது. அதில் நடு இரண்டைத் தளர்த்திவிட்டால் போதும். முதல் பிள்ளை உள்ளே வந்து கதவைச் சாத்துகிற அதிர்வில் துணி தானாக விழும். 'அச்சச்சோ, கிளிப் சரியில்ல போல' என்று இவளே ஓடிவந்து அனுதாபமும் படலாம்.

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஏறினாள். இடது கையில் டார்ச். வலது கையை முதல் கிளிப்பை நோக்கி நீட்டினாள்.

ஸ்டூலின் ஒரு கால் ஆடியது.

விழாமலிருக்கத் துணியிலேயே பளாரென்று கையை ஊன்றினாள். துணிக்குப் பின்னால் சுவர் இருந்தது, பிழைத்தாள். மூச்சு விட்டாள். கையை எடுத்தாள்.

துணியில் ரத்தம்.

ஐந்து விரலும் உள்ளங்கையும் பதிந்த, பச்சை ரத்தச் சிவப்பில் ஒரு கை.

உமாராணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெட்டு இல்லை. கீறல் இல்லை. சோப்பு நுரை மட்டும். பதறிப்போய் உள்ளங்கைத் தடத்தின் நடுவில் விரலால் தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் இன்னும் சிவந்தது. உயிருள்ள சதை மாதிரி, தொடத் தொடச் சிவந்தது.

மெல்ல மூக்கைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சாம்பிராணிக்கு அடியில், பழகிய, வீட்டு வாசனை.

மஞ்சள்தூள்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆரத்தி! மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பு. கல்யாணம், வளைகாப்பு, புதுப் பிள்ளை வீட்டுக்கு வருவது என்று எத்தனை தட்டு ஆரத்தி கரைத்திருப்பாள் இந்தக் கையால்! துணி முழுக்க மஞ்சளில் நனைத்துக் காயவைத்திருக்கிறாள். கேனில் சுண்ணாம்போ சோடாவோ கரைத்த தண்ணீர். மோட்டாரைப் போட்டால் மேலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்குகிற பாதையெல்லாம் ரத்தமாகும். பிள்ளைகள் கண்முன்னால், வெறும் சுவரிலிருந்து, தானாக.

ஒரே ஒரு துணி. சமையலறை டப்பாவிலிருந்து ஒரு கரண்டி தூள்.

அடிப்பாவி!

எனக்கு ஏன் தோன்றவில்லை? லிச்சிப் பழத்தில் திராட்சை சொருகத் தோன்றியது, இடியாப்பத்துக்குச் சாயம் போடத் தோன்றியது, இது ஏன் தோன்றவில்லை? வீட்டில் அதே டப்பா, அதே தூள், அதே சுண்ணாம்பு. இவள் எப்படி, எந்த நிமிஷத்தில், தட்டில் இருந்ததைச் சுவரில் பார்த்தாள்?

அந்த நிமிஷத்தின்மேல்தான் உமாராணிக்குப் பொறாமை வந்தது. மயிலின்மேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஆனால் யோசிக்க நேரமில்லை. தொழுகை முடிந்தால் வாட்ச்மேன் வந்துவிடுவார். சுவரில் அவள் கை இருக்கிறது, சுண்டுவிரல் வளைவோடு. கட்டடத்தில் யார் பார்த்தாலும் இது யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

சரவணகுமாரின் வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. சாம்பார் கறை, சோப்பு போட்டதும் சிவந்துபோய், எலுமிச்சை பிழிந்ததும் பழையபடி மஞ்சளானது.

திரைக்கு இந்தப் பக்கம் ஓடினாள். சூனியக்காரி ஜூஸுக்காகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் இருந்தது. பஞ்சை நனைத்து எடுத்துக்கொண்டு திரும்பினாள். முதலில் கட்டைவிரல். தொட்டதும் சிவப்பு மங்கி மஞ்சள் ஆயிற்று. ஆள்காட்டி. நடுவிரல். ஓரம் தப்பாமல், ஒரு சொட்டு வெளியே போகாமல், மூன்று வாரம் பேய்க்கு மூக்கு வைத்த அதே பொறுமையோடு ஒவ்வொரு விரலாக ஒற்றினாள். உள்ளங்கை. கடைசியாக அந்தக் கொக்கிச் சுண்டுவிரல்.

கை மறைந்தது. துணி சுத்தம்.

இறங்கி நின்றாள். கையில் பாட்டில் இருந்தது. முக்கால் பாட்டில் சாறு.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

இந்தச் சாற்றைத் துணி முழுக்க அடித்துவிட்டால்? ஐந்து நிமிஷ வேலை. காய்ந்துவிடும், தெரியாது. சாயங்காலம் லக்சிகா மோட்டாரைப் போடுவாள். தண்ணீர் இறங்கும். வெறும் தண்ணீர். மஞ்சள் துணி நனைந்த மஞ்சள் துணியாக நிற்கும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கிளிப்பும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்.

பாட்டிலைத் தூக்கினாள். விரல் விசையில் இருந்தது.

அழுத்தவில்லை.

மனசாட்சி என்று சொன்னால் பொய். அவளுக்கு அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சுவர் முழுக்கச் சிவப்பு இறங்குவதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் கொன்றுவிட அவளால் முடியவில்லை.

பாட்டிலை இறக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் ஐந்தரை. முகமூடியும் கறுப்பு அங்கியுமாக இருபது இருபத்தைந்து பிள்ளைகள். பின்னால் அப்பா அம்மாக்கள், கையில் செல்போன்கள்.

முதலில் உமாராணியின் பாதி.

ஐந்தாறு மணிநேரம் ஏசி இல்லாத ஹாலில், அக்டோபர் மாதத்து ஈரக்காற்றில், கஞ்சிப் பேய்கள் தொய்ந்திருந்தன. பதினான்கும் கூன் விழுந்து, கை தொங்கி, டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி இருந்தன.

"திஸ் கோஸ்ட் இஸ் டயர்ட்" என்றது ஒரு குட்டி மந்திரவாதி.

மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் மூளையைத் தொட்டான், முகர்ந்தான், ஒரு பிடி வாயில் போட்டான். "அம்மா! இடியாப்பம்! தேங்காப்பால் இருக்கா?"

ஹாலே சிரித்தது. அண்டாவுக்குள்ளிருந்து வந்த பேய்க்குரல் அந்தச் சிரிப்பில் காணாமல் போயிற்று. நஸீஹாவும் சிரித்தாள், நல்ல மனசோடுதான். உமாராணி சிரித்த மாதிரி பல்லைக் காட்டினாள்.

பிறகு திரை விலகியது.

ஆரஞ்சு வெளிச்சம். சாம்பிராணிப் புகை தரையோடு தவழ்ந்தது. வெள்ளைச் சேலையில், கூந்தலை அவிழ்த்துவிட்டு, நாற்காலியில் லக்சிகா. அந்த வெளிச்சத்தில் பின்னாலிருந்த துணி சாதாரணச் சுவர் மாதிரிதான் தெரிந்தது.

"பிள்ளையள், கிட்ட வாங்கோ. இந்தச் சுவருக்குப் பின்னால ஒரு ஆள் நிக்குது. கன காலமா நிக்குது. உங்களைப் பாக்கோணும் எண்டு ஆசை. மெதுவா எண்ணுங்கோ பாப்பம். ஒண்டு..."

"ஒன்..." என்றன பிள்ளைகள், குரல் தாழ்ந்து. "டூ... த்ரீ..."

லக்சிகாவின் கால் நாற்காலிக்கு அடியில் மோட்டார் சுவிட்சை அழுத்தியது.

சுவரின் உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி. அது கீழே இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து, இருபது. வெறும் சுவர் வாய் திறந்து ரத்தம் விட்டது. சத்தமே இல்லை. கோடு கோடாக, கிளை கிளையாக, ஒன்றோடொன்று கலந்து, சுவர் முழுக்கச் சிவந்துகொண்டே வந்தது.

உமாராணிக்குக் கண் எரிந்தது. நினைத்ததைவிட அழகாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அப்போது ஆதிரைதான் முதலில் பார்த்தாள்.

"அங்க... ஒரு கை!"

சிவப்புக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு கை தெரிந்தது. ரத்தம் அதைத் தொடவில்லை. வழிந்து வந்த கோடுகள் விரல் நுனியில் பட்டதும் நிறமிழந்தன. சுற்றிலும் சிவக்கச் சிவக்க அந்தக் கை மட்டும் வெளிறிய மஞ்சளில், பிணத்தின் கை மாதிரி, சுவருக்குப் பின்னாலிருந்து அழுத்திக்கொண்டு வெளியே வந்தது. ஐந்து விரல். ஒரு விரல் கொக்கி மாதிரி வளைந்து.

உமாராணிக்குப் புரிந்தது. எலுமிச்சை! அது கறையை மட்டும் எடுக்கவில்லை, அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து காவல் காத்திருக்கிறது!

லக்சிகா திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ அம்மா!"

நாற்காலி கவிழ்ந்தது. அது நடிப்பு இல்லை. கதை சொன்னவளே பயந்து பின்னால் ஓடியதைப் பார்த்ததும் இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரே தொண்டையில் அலறின. மூன்றாம் மாடிப் பையன் இடியாப்பக் கையோடு அம்மாவின் இடுப்பில் ஏறினான். வாட்ச்மேன் ஓடிவந்து, சுவரைப் பார்த்து, வந்த வேகத்தில் வெளியே போனார்.

அந்த அலறல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பிள்ளைகள் ஜூஸுக்கும் பீட்சாவுக்கும் லாபிக்குப் போனபிறகு, விளக்கைப் போட்டுக்கொண்டு நஸீஹா துணிக்கு முன்னால் நின்றாள். கண்ணில் வியாபாரியின் பளபளப்பு.

"மஞ்சள்னு வாசனையிலயே புரிஞ்சிடுச்சும்மா, அது சரி. ஆனா அந்தக் கை! அது எப்படி வந்துச்சு? அதுக்கு மட்டும் வில்லாக்காரங்க கேட்டதைக் கொடுப்பாங்க. சொல்லு லக்சிகா, எப்படிச் செஞ்சே?"

ஒரே ஒரு பொய் போதும். 'அது என் ரகசியம் அக்கா' என்று சொல்லிவிட்டால் முன் சீட் அவளுடையது.

"அது என்ர வேலை இல்லை அக்கா" என்றாள் லக்சிகா. "நான் கட்டேக்க அந்தக் கை இருக்கேல்ல. யார் செய்தது எண்டு சத்தியமா எனக்குத் தெரியேல்ல."

"அப்ப யாரு?" நஸீஹா சுற்றிலும் பார்த்தாள். "யாரு செஞ்சாங்களோ, எனக்கு அந்த ஆள்தான் வேணும்."

வேன் உமாராணியின் முன்னால் கதவைத் திறந்துகொண்டு நின்றது.

நடந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். வலது கையை அந்தக் கைமேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. கொக்கிக்குக் கொக்கி.

"உமா! நீயா?" நஸீஹாவின் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன்! அவளுக்கு சர்ப்ரைஸா?"

"ஆமா" என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான வார்த்தை! நஸீஹாவே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

லக்சிகா கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் சந்தேகம் ஒரு பொட்டுகூட இல்லை.

"அக்கா, ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! பயந்தே செத்திருப்பன்" என்று சிரித்தாள்.

காலையில் சிரித்த அதே சிரிப்பு. முன் சீட்டைக் கையால் தள்ளிவிட்டு, பொய் சொல்லாமல், இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மயிலில் இவள். மஞ்சளில் இவள். பிள்ளைகள் மனசில் இவள். இப்போது நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் ஜெயிக்க வேண்டுமா?

விடமாட்டேன்.

"சர்ப்ரைஸ் இல்லக்கா" என்றாள் உமாராணி, ஸ்டூலின் மேலிருந்தே, உரத்த குரலில். "மத்தியானம் யாரும் இல்லாதப்ப வந்தேன். கிளிப்பைக் கழட்டி விடலாம்னு. துணி விழுந்து மானம் போகட்டும்னு. சோப்புக் கை பட்டு சிவந்துடுச்சு. மறைக்கறதுக்கு எலுமிச்சை போட்டேன். இப்படி வரும்னு எனக்கே தெரியாது."



நஸீஹா துப்பட்டாவைத் தோளில் சரி செய்துகொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"நான் போற வீடுங்க எல்லாம் பெட்ரூம் வரைக்கும் திறந்து விட்டுட்டு, சாவியைக் கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க உமா. ஆளில்லாத நேரத்துல திரையைத் தூக்குற கையை நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? நீயே சொல்லு."

அவள் லக்சிகா பக்கம் திரும்பினாள்.

"லக்சிகா, திங்கக்கிழமை காலை எட்டரைக்குக் கீழ நில்லும்மா. லேட்டாகக் கூடாது."

நஸீஹாவின் செருப்புச் சத்தம் லாபியோடு கலந்து மறைந்தது.

உமாராணி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். முடிந்தது. இந்த அக்டோபரோடு ஹாலோவீன் உமாவும் முடிந்தாள். இனி லிஃப்ட்டில் எல்லோரும் ஐந்தாம் மாடி பட்டனை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். தன் பாதிக்குப் போய், கூன் விழுந்த பேய்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். கண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

லக்சிகா திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்துத் திரும்பினாள்.

லக்சிகா அங்கேயே நின்றாள். உமாராணியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனாள், தள்ளி வந்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். விரல் நுனியால் அந்தக் கொக்கிச் சுண்டுவிரலின் ஓரத்தைத் தடவினாள். சிவப்பும் மஞ்சளும் பிரிகிற இடம், பிசிறே இல்லாத கோடு.

"புளி பட்டா மாறும் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் தனக்குத்தானே. "சின்ன வயசில இருந்து தெரியும். இது எனக்கு ஏன் வரேல்ல?"

அவள் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. உதடு இறுகி, கண் சுருங்கி, மூக்கு லேசாக விடைத்து ஒரு பார்வை. உமாராணிக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். நான்கு மாதமாகத் தினமும் காலையில் பாத்ரூம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எலுமிச்சை மட்டுமோ அக்கா? தண்ணி கலந்தனீங்களோ?" லக்சிகாவின் குரல் கொஞ்சம் அவசரப்பட்டது. "எவ்வளவு நேரம் காயவிட்டனீங்கள்? ஓரம் எப்பிடி இவ்வளவு வடிவா வந்தது?"

உமாராணி சின்னப் பேயின் மூக்கைப் பத்திரமாகக் கழற்றித் தாளில் சுற்றி ட்ராலியில் வைத்தாள்.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள்.